மொத்தத்தை மாற்றியது யார்?

18, 20, 17, 21, 24. இந்த ஐந்து எண்களுக்கும் சராசரி கேட்டால், ஆறாம் தரத்துப் பிள்ளை கூட்டி 100 என்று எழுதி, ஐந்தால் வகுத்து 20 என்று சொல்லிவிடும். கணினி 25 என்கிறது. பட்டியலில் மிகப் பெரிய எண்ணே 24தான். சராசரி அதையும் தாண்டிப்போய் நிற்கிறது.

கணினியும் கணக்கில் பிழைவிடுமா? மின்பட்டியலில் பொருந்தாத தொகையைக் கண்ட எவரும் ஒருமுறையாவது கேட்டிருக்கக்கூடிய கேள்வி. இங்கே கூட்டலில் கணினி தவறவில்லை. கூட்டத் தொடங்குவதற்கு முன்பே, மொத்தத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் வேறெதுவோ ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. எழுதியது எந்த வரி, எந்தக் கணத்தில் என்று பிடிப்பதற்கு ஒரு கருவி உண்டு. அந்தக் கருவிக்கும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

வாவிக்கரைக் கணக்கு

அந்த ஐந்து எண்களையும் மட்டக்களப்பு வாவியின் உப்புத்தன்மை அளவுகள் என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்த எண்கள்தான், வாவியில் காணக்கூடியவையும்தான். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவி, பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கமும் கடலோடு சேர்கிறது. மாரியில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு இறங்கும், கோடையில் ஏறும், முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டால் நிலைமை வேறு. ஒரு கிலோகிராம் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். 18, 20 என்றால் பாதிக் கடல். இறாலும் மீனும் இந்த ஏற்ற இறக்கத்தோடு இடம் மாறுவதால், அளந்து எழுதி வைப்பதில் பயன் இருக்கிறது.

எழுதிவைத்த அளவுகளிலிருந்து இடம் இடமாகச் சராசரி காண்பதற்கு ஒரு சிறு செய்நிரல். சி மொழியில் முப்பது நாற்பது வரி. வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே எழுதிவிடும். அதன் தலைமைப் பகுதி பாலமீன்மடு, கல்லடி, மண்முனை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ‘சராசரி’ என்ற துணைநிரலை அழைக்கிறது. துணைநிரல் என்பது, அழைத்தால் வந்து ஒரு வேலையை முடித்து, விடையைக் கொடுத்துவிட்டுப் போகும் சிறு செய்நிரல்.

சராசரிக்குள் சொந்தமாக இரண்டு மாறிகள். ‘அளவு’ என்பது நான்கு எண்கள் கொள்ளும் பட்டியல். ‘மொத்தம்’ என்பது ஒற்றை எண். முதலில் மொத்தம் 0 ஆக்கப்படுகிறது. பிறகு அன்றைய வரிசையில் உள்ள எண்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு அளவுக்குள் போகின்றன. அதன் பிறகு நான்கும் மொத்தத்தோடு கூட்டப்பட்டு, நான்கால் வகுக்கப்படுகின்றன. எழுதியவர் ஒரு நாளைக்கு நான்கு முறைதான் அளப்பார்கள் என்று நினைத்திருந்தார். பாலமீன்மடுவில் ஒரு நாள் ஐந்து முறை அளந்துவிட்டார்கள். வாசிக்கும் பகுதியோ, வரிசை முடியும்வரை வாசிக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது.

விடயம் தெரிந்த வாசகருக்கு இப்போதே சந்தேகம் தட்டியிருக்கும். ஆனால் செய்நிரலை மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவரின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். வாசிக்கும் வரிகளில் ‘மொத்தம்’ என்ற பெயரே கிடையாது. மொத்தத்தைத் தொடும் வரிகள் எல்லாமே சரி. கண்ணால் எத்தனை தடவை படித்தாலும் குற்றவாளி அகப்படமாட்டான். இடையிடையே மொத்தத்தை அச்சிட்டுப் பார்ப்பது நாற்பது வரியில் எடுபடும். நாற்பதாயிரம் வரியில் எந்த இடத்தில் அச்சிடுவது?

காவற்புள்ளி

செய்நிரலின் பிழைக்கு வழு என்று பெயர். ஓடுகிற செய்நிரலைப் பிடித்து நிறுத்தி, உள்ளே இருப்பதைக் காட்டி, மீண்டும் ஓடவிடும் கருவி வழுநீக்கி. சி மொழிக்காரர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் தொடங்கிவைத்த கட்டற்ற மென்பொருள்.

வழுநீக்கியிடம் இரண்டு விதமாக நிறுத்தச் சொல்லலாம். ‘இந்த வரிக்கு வந்ததும் நில்’ என்பது தரிப்புப் புள்ளி. ‘இந்த மாறியின் மதிப்பு மாறியதும் நில், எந்த வரியானாலும் சரி’ என்பது காவற்புள்ளி. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் முதலாவதும் தேவைப்படும். ஏன் என்பது விரைவில் தெரியும்.

மொத்தம் 0 ஆன வரிக்கு அடுத்த வரியில் ஒரு தரிப்புப் புள்ளி வைத்து ஓடவிடுகிறோம். நின்றதும் ‘வாட்ச் மொத்தம்’ என்று கட்டளை கொடுத்துத் தொடரச் சொல்கிறோம். (துணைநிரலின் வாசலிலேயே காவல் வைத்தால், அந்த இடத்தில் முன்பு கிடந்த குப்பை எண் 0 ஆன செய்திதான் முதலில் வரும். பயப்படத் தேவையில்லை, தொடரலாம்.) கண் இமைப்பதற்குள் ஜிடிபி நிற்கிறது. பழைய மதிப்பு 0, புதிய மதிப்பு 24. நின்ற இடம் கூட்டும் பகுதியில்லை, வாசிக்கும் பகுதி.

24 என்பது ஐந்தாவது அளவு. நினைவகத்தில் அளவு பட்டியலின் நான்கு எண்களும் 1000, 1004, 1008, 1012 ஆகிய முகவரிகளில் இருக்கின்றன என்று கொண்டால், அடுத்த முகவரி 1016இல் இருப்பது மொத்தம். ஐந்தாம் எண்ணுக்குப் பட்டியலில் இடமில்லை. சி மொழி அதைத் தடுப்பதில்லை. எண் அடுத்த வீட்டுக்குள் போய் விழுந்தது. அதன் பின் கூட்டல் 0இலிருந்து தொடங்கவில்லை, 24இலிருந்து தொடங்கியது. தொடர்ந்து ஓடவிட்டால் ஜிடிபி இன்னும் நான்கு தடவை நிற்கும்: 42, 62, 79, 100. அவையெல்லாம் முறையான கூட்டல்கள். 100ஐ நான்கால் வகுத்தால் 25.

ஐந்தாவது அளவு 0 ஆக இருந்திருந்தால்? 0 இருந்த இடத்தில் 0 விழுந்திருக்கும். ஜிடிபி பழைய மதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றமில்லை என்று கண்டு பேசாமல் போயிருக்கும். வழு அப்படியே இருந்திருக்கும்; இன்னொரு நாள் வெளியே வரும்.

நான்கே நான்கு இடங்கள்

இந்தக் காவலை யார் செய்கிறார்கள்?

பழைய வழி, ஒவ்வொரு கட்டளையாக நடத்திப் பார்ப்பது. 1951இலேயே கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியோடு உழைத்த ஸ்டான்லி கில், செய்நிரல்களில் பிழை கண்டுபிடிப்பது பற்றி ரோயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை எழுதினார். செய்நிரலைத் தானாக ஓடவிடாமல், இன்னொரு செய்நிரல் அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து நடத்தி, நடந்ததை அச்சிட்டுக்கொண்டே போகும் முறையை அதில் விளக்கினார். ஜிடிபியின் மென்பொருள் காவற்புள்ளியும் இதே பரம்பரைதான். ஒரு கட்டளை ஓடும், நிற்கும், மொத்தம் மாறியதா என்று பார்க்கும், அடுத்த கட்டளை. எதையும் தவறவிடாது. ஆனால் சாதாரண ஓட்டத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவாகும் என்று ஜிடிபியின் கையேடே எச்சரிக்கிறது. ஒரு நிமிட வேலை இரவு முழுக்க ஓடும்.

புதிய வழி 1985இல் இன்டெல் 80386 செயலியோடு வந்தது. அந்தச் சில்லுக்குள்ளேயே வழுநீக்கிக்கென்று தனிப் பதிவகங்கள் வைத்தார்கள். பதிவகம் என்பது செயலியின் உள்ளே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் சிறு சேமிப்பிடம். டிஆர்0 முதல் டிஆர்3 வரையான நான்கிலும் காக்கவேண்டிய முகவரிகளை எழுதலாம். எழுத்துக்கு மட்டுமா, வாசிப்புக்கும் சேர்த்தா, எத்தனை பைட் என்பதெல்லாம் டிஆர்7இல். நான்கில் எது தட்டுப்பட்டது என்பது டிஆர்6இல். செய்நிரல் முழு வேகத்தில் ஓடும். 1016இல் யாராவது எழுதினால் செயலியே நிறுத்திச் செய்தி அனுப்பும்.

வசதிக்கு விலை உண்டு. இன்றைய இன்டெல் செயலிகளிலும் இடங்கள் நான்குதான், ஒவ்வொன்றிலும் அதிகம் போனால் எட்டு பைட். நூறு எண் கொண்ட பட்டியல் முழுவதையும் காக்கச் சொன்னால் வன்பொருள் கையை விரித்துவிடும். அதோடு, செய்தி வருவது எழுதி முடிந்த பிறகு. ஆகவே ஜிடிபி காட்டும் வரி, சில வேளை குற்றம் செய்த வரிக்கு அடுத்ததாக இருக்கும். ஒரு வரி மேலே பார்க்கும் பழக்கம் நல்லது.

பெயர் முடிந்த பிறகும் முகவரி

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நாம் காக்கச் சொன்னது ‘மொத்தம்’ என்ற பெயரை. செயலி காப்பது 1016 என்ற முகவரியை. செயலிக்குப் பெயர்கள் தெரியாது. பெயரும் முகவரியும் எப்போதும் ஒன்றாக இருந்தால் கவலையில்லை. செய்நிரல் முழுவதற்கும் பொதுவான மாறிகளுக்கு அப்படித்தான்: தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வீடு. துணைநிரலின் சொந்த மாறிகளுக்கு அந்த வசதி இல்லை.

அவை வாழும் இடத்துக்கு அடுக்கு என்று பெயர். ஒரு துணைநிரலை அழைத்ததும் அடுக்கில் அதற்கு ஒரு தட்டு வைக்கப்படுகிறது. அதன் சொந்த மாறிகள் அந்தத் தட்டில். வேலை முடிந்ததும் தட்டு எடுக்கப்படும். அடுத்து அழைக்கப்படும் துணைநிரலின் தட்டு அதே இடத்தில் உட்காரும். ஒரு மாறியின் பெயர் செல்லுபடியாகும் பகுதியை அதன் எல்லை என்கிறோம். சராசரி முடிந்ததோடு ‘மொத்தம்’ என்ற பெயரின் எல்லையும் முடிகிறது. 1016 என்ற முகவரி மட்டும் எங்கும் போவதில்லை.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்தையொட்டி மாமாங்கேஸ்வரர் ஆலயச் சூழலில், அமிர்தகழி வீதியோரம் முளைக்கும் தற்காலிகக் கடைகளை நினைத்துக்கொள்ளலாம். 14ஆம் துண்டு நிலத்தில் வளையல் கடை. காவலாளியிடம் கடைக்காரி, “14இல் யாரும் கைவைத்தால் சத்தம் போடுங்க அண்ணா” என்று சொல்லி வைக்கிறார். வியாபாரம் முடிந்து வளையல் கடை மூட்டை கட்டிவிட்டது; மறுநாள் அதே துண்டில் கச்சான் கடை. காவலாளிக்கு விடயம் தெரியாவிட்டால், கச்சான்காரர் தன் சாக்கைத் தொடும்போதெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்.

நம்முடைய செய்நிரலிலும் இதுதான் நடக்கப் பார்க்கிறது. பாலமீன்மடுவின் சராசரி முடிந்ததும் தலைமைப் பகுதி ‘அச்சிடு’ என்ற துணைநிரலை அழைக்கிறது. அதன் சொந்த மாறியான ‘நீளம்’ 1016இல் வந்து உட்கார்ந்து 12 ஆகிறது. வெறும் முகவரியை மட்டும் நம்பினால், மொத்தம் 100இலிருந்து 12 ஆனது என்று வழுநீக்கி அறிவிக்கும். முழுப் பொய். நம்பித் தேடுபவர் அன்றைய பொழுதைத் தொலைப்பார்.

மறைவாக ஒரு தரிப்புப் புள்ளி

ஜிடிபி இதைத் தீர்க்கும் விதம் அழகானது. காவல் கேட்ட கோவையில் (தனி மாறியோ, மாறிகள் சேர்ந்த கணக்கோ கோவைதான்) சொந்த மாறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இருந்தால் இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ளும். ஒன்று, இப்போதைய தட்டின் அடையாளம்: அடுக்கில் அது இருக்கும் முகவரியும், அது எந்தத் துணைநிரலுக்குரியது என்பதும் சேர்ந்தது. மற்றது, சராசரி முடிந்தபின் தலைமைப் பகுதி எந்தக் கட்டளையிலிருந்து வேலையைத் தொடரும் என்பது. அந்தக் கட்டளையில், நமக்குச் சொல்லாமல், தானே ஒரு தரிப்புப் புள்ளியை வைத்துவிடும். தரிப்புப் புள்ளி தேவைப்படும் என்று முன்னர் சொன்னதில் இதுவும் அடக்கம்.

சராசரி முடிந்து ஓட்டம் அந்தக் கட்டளைக்கு வந்தால், பழைய தட்டு போய்விட்டது என்று பொருள். ஜிடிபி வன்பொருள் பதிவகத்தைக் காலி செய்து, காவற்புள்ளியை அழித்து, நின்று, கோவை செல்லுபடியாகும் பகுதியை விட்டுச் செய்நிரல் வெளியேறியதால் காவற்புள்ளி நீக்கப்பட்டது என்று அறிவிக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் இதைப் பிழைச்செய்தி என்று எண்ணிக் கலங்குவதுண்டு. போதாக்குறைக்கு, நின்ற இடம் தலைமைப் பகுதியில், அழைப்பு இருக்கும் வரியின் நட்டநடுவில் இருக்கும். வழுநீக்கி தன் கடமையைச் சரியாக முடித்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

தட்டின் அடையாளம் எதற்கு? திரும்பும் கட்டளை ஒன்று போதாதா? தன்னைத்தானே அழைக்கும் துணைநிரல்களை நினைத்தால் விடை கிடைக்கும். வாவிக்கு வரும் நீரைக் கணக்கிடும் ‘நீர்வரத்து’ என்று ஒரு துணைநிரல்: ஓர் ஆற்றுக்கு நீர்வரத்துக் காண, அதன் கிளையாறு ஒவ்வொன்றுக்கும் நீர்வரத்தையே அழைக்கும், கிளையின் கிளைக்கும் அப்படியே. அடுக்கில் ஒரே நேரத்தில் நான்கைந்து தட்டுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு ‘மொத்தம்’. நாம் காக்கச் சொன்னது இரண்டாம் தட்டின் மொத்தத்தை. மூன்றாம் தட்டு முடிந்து இரண்டாவதற்குத் திரும்பும்போதும் அதே கட்டளைக்குத்தான் ஓட்டம் வரும். அந்த இடத்தில் ஜிடிபி, இப்போது ஓடுவது யாருடைய தட்டு என்று பார்க்கும். இரண்டாவது இன்னும் உயிரோடு இருக்கிறது; ஆகவே காவல் தொடரும். இரண்டாவதே முடிந்து முதலாவதற்கு வந்தால்தான் காவற்புள்ளி நீங்கும்.

இன்னொரு ஓட்டையும் அடைக்கப்பட்டிருக்கிறது. சி மொழியில் லாங்ஜம்ப் என்றொரு வசதி உண்டு. பல தட்டுகளை ஒரே தாவலில் கடந்து வெளியே குதிக்கலாம். அப்படிக் குதித்தால் மறைவான தரிப்புப் புள்ளியை ஓட்டம் மிதிக்காமலே போகலாம். பின்னர் யாராவது 1016இல் எழுதி வன்பொருள் செய்தி அனுப்பும்போது, மதிப்பை ஒப்பிடுவதற்கு முன்பு அந்தத் தட்டு அடுக்கில் இருக்கிறதா என்று ஜிடிபி தேடும். இல்லையென்றால் அப்போதே காவலை முடித்துவிடும்.

ஒரு குறையைச் சொல்லவேண்டும். இந்தச் சோதனை தட்டளவில் நடக்கிறது. துணைநிரலுக்குள்ளேயே ஒரு சுற்றுக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளுக்குள்) மட்டும் செல்லுபடியாகும் மாறியைக் காத்தால், சுற்று முடிந்தாலும் தட்டு இருப்பதால் காவல் நீளும். அந்த இடத்தைத் தொகுப்பி வேறொரு சுற்றின் மாறிக்குக் கொடுத்திருந்தால் பொய்ச் செய்தி வர வாய்ப்புண்டு. (தொகுப்பி என்பது நாம் எழுதும் செய்நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது.)

முகவரியைத்தான் காக்கவேண்டும் என்றால்

சில நேரம் கச்சான்காரரைப் பிடிப்பதுதான் நோக்கம். சி மொழியில் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று: துணைநிரல் தன் சொந்த மாறியின் முகவரியை விடையாகக் கொடுத்துவிட்டுப் போகும். அழைத்தவர் அந்த முகவரியைப் பத்திரமாக வைத்திருப்பார். அங்கே இருந்த எண் சிறிது நேரம் சரியாகவே தெரியும். பிறகு திடீரென்று வேறாகும். வேறாக்கியது யார் என்று அறிய, எல்லை முடிந்தபிறகும் காவல் தொடரவேண்டும்.

இதற்காக ‘வாட்ச்’ கட்டளையோடு ‘-லொக்கேஷன்’ என்ற தெரிவைச் சேர்க்கலாம். ஜிடிபி கோவையின் முகவரியை ஒரு தடவை கணித்து, பெயரை மறந்து, முகவரியை மட்டும் காக்கும். மறைவான தரிப்புப் புள்ளி வைக்கப்படாது. எந்தத் தட்டு போனாலும் வந்தாலும் பொருட்டில்லை. ‘அச்சிடு’ 1016இல் 12 எழுதும் கணத்தில் நிற்கும். மேலே பொய்ச் செய்தி என்று சொன்ன அதே அறிவிப்பு, இங்கே தேடிய விடையாகிறது.

முகவரியே இல்லாத மாறி

வேகமாக ஓடுவதற்காகத் தொகுப்பியிடம் உகப்பாக்கச் சொன்னால், அது மொத்தத்தை நினைவகத்தில் வைக்காமல் செயலியின் பதிவகம் ஒன்றிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்போது மொத்தத்துக்கு முகவரி கிடையாது. டிஆர்0இல் எழுத ஒன்றுமில்லாததால் ஜிடிபி பழைய, மெதுவான வழிக்குப் போகும். ஒரு மாறி எந்தக் கட்டளையிலிருந்து எந்தக் கட்டளை வரை எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளைத் தொகுப்பி டுவார்ஃப் என்ற வடிவில் எழுதிவைக்கும். வழுநீக்கி அதைப் பார்த்துத்தான் தேடும். மாறியே தேவையில்லை என்று தொகுப்பி நீக்கிவிட்டால், உகப்பாக்கத்தில் போய்விட்டது என்ற பதில்தான் வரும்.

மற்ற மொழிகளில் நிலைமை வேறு. ஜாவாவின் வழுநீக்கி இடைமுகம் பொருள்களின் புலங்களை, அதாவது பொருள்களுக்குள் இருக்கும் மாறிகளை, காக்க விடுகிறது. துணைநிரலின் சொந்த மாறிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் பைதனில், கூடவே வரும் பிடிபி என்ற வழுநீக்கியில் ‘டிஸ்ப்ளே’ என்ற கட்டளை இருக்கிறது. அது தானாக நிறுத்தாது. வேறு காரணத்தால் நின்றபோது, கேட்ட கோவை மாறியிருந்தால் காட்டும். அதுவும் கேட்ட தட்டுக்குள் இருக்கும்போது மட்டும். எல்லையை மதிப்பதில் பிடிபி நேர்த்தி, காவலில் அரைவாசி.

இந்த வரிசையில் மொசில்லாவில் உருவாகி 2014இல் வெளியான ஆர்ஆர் தனித்து நிற்கிறது. செய்நிரல் ஓடியதை முழுமையாகப் பதிந்துவைத்து, பின்னோக்கியும் ஓடவிடும். வகுத்தல் வரியில் மொத்தம் 100 என்று கண்டதும் அங்கேயே காவல் வைத்துப் பின்னோக்கி ஓடினால், 79, 62, 42, 24 என்று இறங்கி, வாசிக்கும் பகுதியில் வந்து நிற்கும். காவலை முன்கூட்டி எங்கே வைப்பது என்ற தலைவலியே இல்லை.

கல்லடிக்கும் மண்முனைக்கும்

பாலமீன்மடுவின் காவல் முடிந்துவிட்டது. அடுத்து கல்லடிக்காகச் சராசரி மீண்டும் அழைக்கப்படும்போது, அதன் மொத்தமும் பெரும்பாலும் அதே 1016இல்தான் உட்காரும். இருந்தும் ஜிடிபி பழைய காவலைத் தானாகத் தொடங்காது. பிடிவாதம் போலத் தோன்றும், ஆனால் சரி. அது வேறு மொத்தம். இன்னோர் இடத்திலிருந்து அழைத்தால் வேறு முகவரியிலும் இருக்கலாம். எல்லா இடத்துக்கும் காவல் வேண்டுமென்றால், மொத்தம் 0 ஆன வரிக்கு அடுத்த வரியில் உள்ள தரிப்புப் புள்ளிக்கு ‘கமாண்ட்ஸ்’ மூலம் இரண்டு கட்டளைகளைக் கட்டிவிடலாம்: வாட்ச் மொத்தம், பிறகு தொடர்க. ஒவ்வோர் அழைப்பிலும் புதிய காவல் பிறக்கும். ஒவ்வொரு முடிவிலும் தானே நீங்கும்.

வழுவைத் திருத்துவது சின்ன வேலை. அடுத்த எண்ணை வாசிக்கும் முன் பட்டியலில் இடமிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஐந்தும் வேண்டுமென்றால் பட்டியலைப் பெரிதாக்கி, நான்கால் வகுப்பதற்குப் பதில் வாசித்த எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். பாலமீன்மடுவுக்கு விடை 20.

இதை வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகருக்கு ஒரு குறிப்பு. இன்றைய தொகுப்பிகள் பாதுகாப்புக்காகப் பட்டியல்களையும் தனி மாறிகளையும் தள்ளித் தள்ளி வைப்பதுண்டு. அளவுக்குப் பக்கத்தில் மொத்தம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டையும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள் (மாறிகளைச் சேர்த்துக் கட்டும் சி மொழி அமைப்பு), அளவு முதலில் மொத்தம் அடுத்ததாக அறிவித்தால் வரிசை மாறாது. உகப்பாக்கம் இல்லாமல், ‘-ஜி’ தெரிவோடு தொகுத்து, ஐந்து எண்களைக் கொடுங்கள். ஜிடிபி 24இல் நிற்கும்.